குரங்கு எலும்புக்கு வைத்த பொட்டு

இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வராந்தாவுக்கே வந்துவிட்டது. நான் குரங்கு மண்டையோட்டை ஈரத்துணியால் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், குங்குமம் போவேனா என்கிறது!

அப்போது பெங்களூரில் ஒரு காலேஜின் விலங்கியல் லேபில் நான் டெம்ப்ரவரி அட்டெண்டர். வீடு மர்பி டவுனில். கமிட்டி நல்லபடியாக எழுதினால்தான் எனக்கு பெர்மனென்ட் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் பெண் என்று, எனக்குப் பேசியிருந்த சரோஜாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

தசரா லீவுக்கு முந்தின நாள் லேபில் ஆயுத பூஜை போட்டேன். மைக்ராஸ்கோப்பு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் மனித எலும்புக்கூடும் குரங்கு எலும்புக்கூடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விட மனசு வரவில்லை. ஆளுக்கொரு பொட்டு, ஒரு முழம் பூ. லீவு முடிவதற்குள் எலும்பு குங்குமத்தைக் குடித்துவிடும் என்று யார் கண்டது?

கமிட்டித் தலைவரும் வேறொரு காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறவர்தான்; நெற்றி நிறைய விபூதி பூசியவர். அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"என்னப்பா இது? லேபா, கோயிலா?"

"நான்தாங்க சார் வெச்சேன். குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு புரொபசர் கிளாஸ்ல சொன்னாரு. அப்ப நமக்குப் பாட்டன் முப்பாட்டன் ஆச்சே! கத்தரிக்கோலுக்கு வெச்சிட்டு பாட்டனை விட்டா நல்லாவா இருக்கும்?"

கூடவே நின்ற எங்கள் புரொபசருக்குப் பொறுக்கவில்லை. "நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்? குரங்கு நமக்குப் பாட்டன் இல்ல. அதுக்கும் நமக்கும் பாட்டன் ஒருத்தன். அது பங்காளி!"

பாடத்தின் பாதியில் நான் லேபில் அறுவைத் தட்டு கழுவப் போயிருந்தேன். அந்த மிச்சப் பாதி அப்போதுதான் காதில் விழுந்தது.

"பங்காளின்னாலும் பண்டிகைக்கு விட்டுட முடியுங்களா சார்?"

தலைவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். பிறகு புரொபசரைக் கேட்டார். "நீங்க சர்ச்சுக்குப் போறவரு. இதெல்லாம் நம்பறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை, படைச்சவருக்கு நன்றி சொல்றேன் சார். திங்கக்கிழமை, எப்படிப் படைச்சாருன்னு பாடம் எடுக்கறேன்."

"என் பொழப்பும் அதேதான்" என்று தலைவர் தன் விபூதியைத் தொட்டுக் காட்டினார்.

ஆர்டர் வந்தது. கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். புரொபசர் குடும்பத்தோடு வந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே கேட்டார்: "முனிசாமி, பங்காளிங்களுக்குப் பூ வாங்கிட்டியா?"

ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பொட்டு போகவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாடத்தை முழுசாகக் கேளுங்கள். பொட்டைக் கண்ணாடிக் கதவின் மேல் வையுங்கள்.