அத்தானின் பின்சீட்டிலிருந்து இறங்கியது

அத்தான் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அவருடைய வாயைப் பற்றியது.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. கல்யாணம் செய்யவில்லை, அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, அக்கரையில் வயல். காலையில் வயலுக்குப் போகும்போது என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். வாவியைப் பாதையில் கடப்போம். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற தட்டைப் படகைத்தான் இங்கே பாதை என்போம். இறங்கியதும் ஒரு வாய் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சரளை பரப்பிய கிரவல் வீதியில் வண்டியை முறுக்குவார். கொஞ்ச தூரம் போனதும் தலையை இடப்பக்கம் திருப்பித் துப்புவார். துப்பியது காற்றில் திரும்பி என்னிடம் வரும்.

முழங்கையில் படும், மூக்குக் கண்ணாடியில் படும், ஒரு நாள் உதட்டில் பட்டது. இடது தோளடியில் பழுப்புப் புள்ளி இல்லாத சேலை என்னிடம் ஒன்றும் கிடையாது. சவர்க்காரம், தேசிக்காய், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. போகாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், இது சேலைட பூவா?" என்று கேட்டது. ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த மோட்டார் சைக்கிளின் சீட்டு இன்னொரு கேவலம். வாங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீனை அத்தான் கழற்றவேயில்லை. கழற்றினால் பழசாகிவிடுமாம். அது கிழிந்து, மடிப்புகளுக்குள் மழைத் தண்ணீரும் வியர்வையும் வெற்றிலைச் சாறும் தேங்கி, புளித்த நாற்றம் அடிக்கும். ஒரு நாள் மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டைப் பிடித்திருந்த கம்பியெல்லாம் துருவேறி, கறள் தின்று போயிருந்தது. நான் படிப்பித்துச் சம்பாதிக்கிறவள். ஆனாலும் தினமும் அதன்மேல்தான் குந்திக்கொண்டு போனேன்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு சொட்டுத் துப்பலுக்கா முகத்த இப்பிடிச் சுழிக்கிறாய்? அந்த மனிசன் சும்மாதானே ஏத்திட்டுப் போறார்? தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கிறதா?"

அன்றைக்கு முடிவெடுத்தேன், சைக்கிள் வாங்குவதென்று. எனக்கு நாற்பத்திரண்டு வயது, சைக்கிள் ஓடத் தெரியாது. புளியந்தீவு நகருக்குள் பிறந்து, அங்கேயே படித்து, எங்கேயும் நடந்தே போனவளுக்கு அது தேவைப்படவில்லை. கூடை வைத்த சாதாரண சைக்கிள் அந்த வீதிக்குச் சரிவராது. மாரி வந்தால் புதைந்துவிடும். ஆகவே மவுண்டன் சைக்கிள். அகலமான டயர், நம்பக்கூடிய பிரேக், சேலையோடு காலைப் போட்டு ஏறத் தாழ்ந்த நடுக்கம்பி. விழுந்து எழும்பப் போகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

"பொம்புளயள் தனியப் போனா ஏமாத்திப் போடுவானுகள்" என்று அத்தானும் கூட வந்தார்.

கடை முதலாளி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அத்தானிடம் கேட்டார்.

"மகனுக்கா சேர்?"

"இல்ல, மச்சாளுக்கு."

முதலாளி அரிசி மூட்டையை மதிப்பிடுவதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் இல்லை. அத்தானுக்காக ஒரு சைக்கிளை வெளியே இழுத்தார். முன்னுக்கு ஸ்பிரிங், பின்னுக்கு ஸ்பிரிங், எண்ணி முடியாத கியர், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். எல்லாவற்றுக்கும் மேலே தலையிலிருந்து கால்வரை பொலித்தீன். அத்தான் மணியை அடித்துப் பார்த்தார்.

"நல்ல சாமான்."

அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. நான் தூக்கிப் பார்த்தேன். சீமெந்து மூட்டைக்குக் குறையாத பாரம். இதைத் தினமும் பாதையில் ஏற்றி இறக்க நான் மூட்டை தூக்குகிற நாட்டாமையா? சீட்டைக் கையால் அமர்த்தினால் மெத்தைபோல ஆடியது. மிதிக்கிற பலமெல்லாம் ஆட்டத்துக்கே போய்விடும். குனிந்தபோது ஹேண்டிலின் கழுத்தடியிலிருந்து அந்தப் புளித்த நாற்றம் வந்தது. எனக்குத் தெரியாத நாற்றமா? நகத்தை விட்டுப் பொலித்தீனைக் கிழித்தேன்.

"ஐயோ புள்ள, கிழிக்காத! கறள் புடிச்சிரும்!" என்று அத்தான் பதறினார்.

கறள் ஏற்கெனவே அங்கேதான் குடியிருந்தது. பழுப்புச் செதிலாக என் உள்ளங்கையில் கொட்டியது.

"உப்புக் காத்து, சேர். துடைச்சாப் போயிரும்" என்றார் முதலாளி. அப்போதும் அத்தானிடம்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காசு குடுத்து வாங்கிற மாட்டுட வாய நான் திறந்துதான் பாப்பன்" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற இரண்டு சைக்கிளின் பொலித்தீனையும் கிழித்தேன். அவற்றிலும் அதே கதை. ஊத்தையை மினுக்கலுக்குள் சுற்றி வைத்துப் புதுசு என்று விற்கிறார்கள். நாமும் அதைச் சுற்றியபடியே வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

கடைசியில் மூலைக்குள் ஒன்றைக் கண்டேன். பொலித்தீன் இல்லை, ஒரே தூசி. ஸ்பிரிங் இல்லை, ஏழே கியர். சீட்டில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் பட்டன. உருட்டிக்கொண்டே இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தேன்; சுழன்ற சில்லு அப்படியே நின்றது.

"அது காட்சிக்கு வெச்சது, சேர்."

"சேர் ஓடப்போறதில்ல. எனக்கிட்டச் சொல்லுங்க" என்றேன். சேலை சிக்காமலிருக்கச் செயினுக்கு ஒரு கவரும் போடச் சொன்னேன். வீடு வரும்வரை அத்தான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "உரிச்ச கோழி மாதிரிக் கிடக்கு" என்று அக்காவிடம் முறையிட்டார்.

ஓடப் பழக்கியது அக்காதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஏசி ஏசிப் பின்னால் ஓடினாள். முழங்கால் இரண்டும் உரிந்தன.

முதல் நாள் பாதையில் அத்தான் பக்கத்தில் நின்றார். "இன்னமும் ஒண்டும் கெட்டுப்போகல்ல, ஏறு மச்சாள்" என்று பின்சீட்டின் பொலித்தீனைத் தட்டினார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, அக்கரையில் இறங்கியதும் சைக்கிளில் ஏறி முன்னால் போனேன். அவர் மெதுவாகப் பின்னால் வந்தார். வீதி வளைகிற முடக்கில் மாடுகள் நின்றன. பிரேக் பிடித்தது, நான்தான் காலை ஊன்ற மறந்து வாய்க்கால் சேற்றுக்குள் விழுந்தேன். அத்தான் ஓடி வந்து சைக்கிளைத் தூக்கிவிட்டார். சொன்னேனே, நல்ல மனிதர்.

"இப்பயாவது ஏறு."

"நீங்க போங்க அத்தான். நான் வாறன்."

இடுப்புவரை சேற்றோடு பள்ளிக்கூடம் போனேன். அதே மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டது.

"டீச்சர், விழுந்துட்டீங்களா?"

"ஓம், விழுந்தன்" என்றேன்.

பின்னேரம் சேலையை வாளியில் ஊறப்போட்டேன். ஒரே அலசலில் சேறு முழுவதும் இறங்கிவிட்டது. இடது தோளடியில் அந்தப் பழைய புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.