டேபிள் எட்டு போட்ட குறிச்சொற்கள்

கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நூலகம் இருக்கிறது. அங்கே தனக்கோடி அக்காவுக்குத் துப்புரவு வேலை. திரும்பி வரும் புத்தகங்களைத் துடைத்து அடுக்குவதும் அவர்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த என்னை நூலகர் சாலமன் சார் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்.

வாசலில் ஒரு டேப்லெட் உண்டு. புத்தகம் படித்தவர்கள் அதில் புனைபெயரில் ஒரு வரிக் குறிச்சொல் போடலாம். அதை வைத்து மற்றவர்களுக்கு எதைப் படிக்கலாம் என்று திரை சொல்லும். ‘டேபிள் எட்டு’ என்ற பெயரில் மட்டும் மூன்று மாதத்தில் அறுநூறு புத்தகங்களுக்குக் குறிச்சொல் இருந்தது. ‘சாப்பிடும்போதும் கீழே வைக்க முடியாது.’ ‘நாற்பதாம் பக்கத்தில் தூக்கம்.’

“அறுநூறு புக்கை எவன் படிப்பான்? பதிப்பகத்துக்காரன் ஆள் வெச்சிருக்கான். யாருன்னு கண்டுபிடி சுப்ரஜா. மெம்பர்னா கார்டு கேன்சல். நம்ம ஸ்டாஃப்னா வேலை கிடையாது” என்றார் சார்.

டேப்லெட் பக்கம் போன எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள், திரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

“அக்கா! இதெல்லாம் படிச்சீங்களா?”

“இன்னாத்துக்குப் படிக்கணும்? பதினாலு வருசம் எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் நானு. எட்டாவது டேபிள். திரும்பி வந்த சட்டையப் பாத்தே எங்க கோளாறுன்னு சொல்லுவேன். புக்கும் அப்டித்தான் கண்ணு. சாம்பார் கறை கீதுன்னா, துன்னுகினே படிச்சிருக்கான். நாப்பதாம் பக்கத்துல ரயில் டிக்கெட்டு கீதுன்னா, அதோட தூங்கிட்டான்.”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “சார்கிட்ட சொல்லிடுவியா?”

கம்பெனியை மூடியபின் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்து, பிறகு அக்காவுக்குக் கிடைத்த வேலை இது. மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

படிக்காமல் எழுதுவது ஏமாற்றுதானே என்று தோன்றியது. ஆனால் சாருக்கு ஏன் இவ்வளவு கோபம்? அவர் அடிக்கடி ஒரே ஒரு கவிதைப் புத்தகத்தின் குறிச்சொற்களைத்தான் திறந்து பார்ப்பார். டேபிள் எட்டு அதற்குப் போட்டிருந்தது: ‘எப்போதும் புதுசாகவே திரும்பி வருகிறது.’ அலமாரியில் தேடி எடுத்தேன். ஆசிரியர் பெயர் யாரோ ஒருவருடையது. பின்னட்டைப் படத்தில் இன்னும் நரைக்காத மீசை. தாடை மச்சம் மட்டும் சாருடையது.

சாயங்காலம் கேட்டார். “யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரியல சார். மொத்தமா அழிச்சிடட்டுமா?”

“வேணாம். ஜனங்க அதப் பாத்துதான் புக்கே எடுக்கறாங்க. அந்தக் கவிதை புக்ல இருக்கறத மட்டும் எடுத்துடு. அது தப்பு.”

“எந்தக் கவிதை புக் சார்? எப்படித் தப்பு?”

குறிச்சொல்லுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தாரோ, என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீதானா டேபிள் எட்டு?”

இல்லை என்றால் அடுத்து யாரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குக் கம்ப்யூட்டர் வேலை இல்லை. என் மெம்பர் கார்டை மட்டும் அவர் கேன்சல் செய்யவில்லை. நான் அந்தப் பின்னட்டையைப் பார்த்திருப்பேனோ என்று அவருக்குப் பயம். டேபிள் எட்டு இன்னும் எழுதுகிறது. புதுக் குறிச்சொல் வரும்போதெல்லாம், துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவைத் தாண்டி, சார் என்னைத்தான் முறைக்கிறார்.