குளத்துக் களிமண் பாலன்

இன்று உருத்திரபுரத்தில், நெல்லை மூடியிருந்த ஈரத் தறப்பாளை விலக்கியபோது எழுந்த சேற்று வாடை, எனக்கு ஒன்பது வயதாயிருந்த இடப்பெயர்வுக் காலத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரான நாங்களும் மாறிமாறி வழிபட்ட, இப்போது பற்றை மண்டிப்போன அந்தக் கொட்டிலுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

கிறிஸ்து பிறப்பு முடிந்து மூவிராசாக்கள் திருநாள்வரை கத்தோலிக்கரின் பாலன் குடில் மூலையில் இருக்கும். சிலை வணங்காத எங்கள் ஆராதனையில் சுரூபம் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அதைச் சேலையால் மறைத்துவிடுவார். குளத்துக் களிமண்ணில் பாலனைச் செய்து வெயிலில் காயவைத்தவர் அவர்கள் பக்கத்துப் பிலோமினா மாமி. அந்தச் சேலையைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாலனில ஆராவது கை வைச்சால், நீங்கள் வேற இடம் பாருங்கோ."

திருநாளன்று காலை தூரத்து ஷெல் சத்தத்தோடு மழையும் பிடித்துக்கொண்டது. நாங்கள் பாடிக்கொண்டிருக்கையில் கூரைத் தறப்பாள் கிழிந்து குடிலின்மேல் ஒழுகியது. சுடாத மண் கரைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அசையவில்லை. அம்மாதான் எழுந்துபோய்ச் சேலையை விலக்கி, பாலனை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, விட்ட அடியிலிருந்து பாடினார்.

பூசைக்கு வந்த மாமி வாசலில் நின்று அதைப் பார்த்தார். பாட்டு நின்றுபோனது.

"சாமியெண்டு தூக்கேல்லை," என்றார் அம்மா, நிமிராமல். "பிள்ளை நனையுது."

மாமி நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார். ஆராதனை முடியும்வரை பிள்ளையைத் திருப்பிக் கேட்கவேயில்லை.