கஸ்தூரி அக்கா எண்ணுகிற சத்தம்

கஸ்தூரி அக்கா போய்விட்டது. நேற்று காலை, ஆஸ்பத்திரியில். சாயங்காலமே சேக்காட்டில் அக்கா வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று லீவு சொன்னது. அவ்வளவுதான்... என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் தையல் மெஷின், அக்கா செக்கிங் டேபிள். ஒரு தையல் விட்டுப்போனாலும் சட்டையைத் தூக்கி என் மடியில் போடும். பதினொரு வருஷம்.

சாப்பாட்டு நேரத்தில் என் செல்லைக் குழம்பு டப்பாமேல் சாய்த்து வைத்து டான்ஸ் பாட்டு பார்ப்போம். நாங்கள் ஹீரோ முகத்தைப் பார்ப்போம். அக்கா சட்டையைப் பார்க்கும்.

ஒரு நாள், ஹீரோ ரெண்டு தடவை சுற்றி ஆடுகிற இடத்தில், "நிறுத்துமே, நிறுத்து" என்றது.

"பட்டன் பட்டியைப் பாரு. ஆம்பள சட்டைக்கு இடது பக்கம்தானே மேல வரும்? இங்க வலது பக்கம் மேல கீது."

"தப்பா தச்சிட்டாங்களாக்கா?"

"தையல் கரெக்ட்டுதான். படத்தையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுகிறான். ஒரு வாட்டி சுத்தினதை ரெண்டு வாட்டி சுத்தின மாதிரி காட்டறான்."

பின்னால் தள்ளிப் பார்த்தோம். முதல் சுற்றில் பட்டன் சரியாக இருந்தது. அதே சுற்றுதான்!

"ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் எந்தப் பாட்டு வந்தாலும் ரெண்டு தடவை பார்க்கச் சொல்லும். ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு.

சத்தம் இல்லாமல் பார்த்தால் ஹீரோவின் வேகமே போய்விடும். தாளம் விழுகிற இடத்தில் எல்லாம் படத்தை வெட்டுவதால்தான் அந்த வேகம். முகமும் காலும் சேர்ந்து ஒரு ஷாட்டில்கூட வராது. "காலு அவனுதுதானா, இல்ல வாடகைக்கு எடுத்தானா?" என்று கேட்கும்.

கண்ணை மூடினால்... ஆடுவது நாலு பேர், கைதட்டுவது நாற்பது பேர். வெறுங்காலில் மணலில் குதிக்கிறார்கள், கேட்பது பலகைச் சத்தம்.

"எல்லாம் அப்பால சேர்த்ததுமே. இந்த ஆட்டம் ஆடறானுங்களே, ஒருத்தனுக்காவது மூச்சு வாங்குதா பாரு."

ஆயுத பூஜைக்கு நாங்கள் ஆறு பேர் ஆடினோமே, அந்த வீடியோவுக்கு நீங்கள் எல்லாரும் லைக் போட்டீர்கள். அதை என் செல்லில் எடுத்தது அக்காதான். அதனால் அதில் அக்கா இல்லை.

ஆனால் குரல் இருந்தது. எடுத்துக்கொண்டே ஒன்று, ரெண்டு என்று எட்டு வரை எண்ணியது. நடுநடுவே திட்டு. "சாந்தி, கையைத் தூக்கு... அய்ய, லெப்ட்டுமே, லெப்ட்டு!"

நான்தான் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டேன்.

அக்கா பார்த்துவிட்டு, "ஏன்மே, என் கொரலை வெட்டிட்டியா?" என்றது.

"நீ கத்தினது யாருக்குக்கா வேணும்?" என்றேன். அக்காவும் சிரித்தது.

நேற்று ராத்திரி அக்கா மகள் நிவேதா போன் செய்தாள். பதினொன்றாவது படிக்கிறாள். "ஆன்ட்டி, அம்மா பேசின வீடியோ எதுனா கீதா? எங்கிட்ட வெறும் போட்டோதான் கீது."

என்னிடம் இல்லை. செல்லில் இடம் இல்லை என்று காட்டியதால் முதலில் எடுத்ததை அழித்துவிட்டேன். பாட்டு போட்டதுதான் இருக்கிறதே என்று நினைத்தேன். இதிலிருந்து பழைய சத்தத்தை எடுக்க முடியாதாம், செல் கடையில் கேட்டேன்.

பாட்டு போடாத வீடியோவை அன்றைக்கு யாருக்கோ அனுப்பின ஞாபகம். யாருக்கு என்றுதான் தெரியவில்லை. கம்பெனி ஆட்கள் தயவுசெய்து உங்கள் செல்லில் தேடிப் பாருங்கள். ஒரு நிமிஷம் இருந்தாலும் போதும். அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வேன்...

காலையிலிருந்து, பாட்டு போட்ட அந்த வீடியோவை அக்கா சொன்ன மாதிரிதான் பார்க்கிறேன்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால், சாந்தி கை தப்பாகப் போகிற இடத்தில் படம் குலுங்குகிறது. செல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரிக்கிறது.

கண்ணை மூடிக் கேட்டால் பாட்டு மட்டும்தான் கேட்கிறது.

மன்னிச்சிடுக்கா. போய் வா.