முட்டுக்கல்லும் ட்ரான்ஸ் பிரேக்கும்

கல்யாணத்தன்று அக்காவை எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைக் கோயிலுக்கு யாருடைய காரில் கூட்டிப்போவது என்பதில் அண்ணனுக்கும் மாமா மகனான மச்சானுக்கும் பேச்சு முற்றிவிட்டது. இரண்டும் வாடகைக்கு ஹயர் ஓடும் பழைய கார்கள். அண்ணனுடையது ஆட்டோ கியர். மச்சானுடையது கை கியர்.

"ஒங் காரு யோசிச்சிட்டுத்தானடா கெளம்பும்," என்றார் மச்சான்.

"ரேஸ் விடுங்க. ஜெயிக்கிற கார்ல நான் ஏறுறேன்," என்றாள் கல்யாணப் பெண்.

தோட்டத்தின் ஒரே நேர் ரோடு பெக்டரிக்கு முன்னால்தான். ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது.

நேர் ரோட்டில் விடும் டிராக் ரேஸ் வீடியோ பார்த்துக்கொண்டே ஏ.எல். பரீட்சை எழுதியவள் நான். அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். ஆட்டோ கியரில் கிளட்ச் மிதி இல்லை. அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர். எண்ணெயில் முங்கி எதிரெதிரே நிற்கும் இரண்டு காற்றாடிகள் மாதிரி. எஞ்சின் ஒன்றைச் சுற்ற, அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுற்றும். காரை அசையவிடாமல் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ஓரளவு வேகம் ஏறி அங்கேயே முட்டி நிற்கும். அங்கிருந்து விட்டால்தான் பாய்ச்சல். ஆனால் கால் பிரேக்கை மீறிச் சக்கரம் உருளப் பார்க்கும். அதனால் ரேஸ்காரர்கள் ட்ரான்ஸ் பிரேக் வைக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அது கியர் பெட்டிக்குள்ளேயே முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பொத்தானை விட்ட நொடி ரிவர்ஸ் கழன்று கார் பறக்கும்.

"நம்மகிட்ட அது எங்கடி இருக்கு?"

"கல்லு இருக்குல்ல?"

எங்கள் மலையில் எந்த வண்டி நின்றாலும் முதலில் ஒருவர் குதித்து டயருக்கு முட்டுக்கல் வைப்பார். கை பிரேக்கை நம்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. முன் டயர்களுக்கு முன்னால் இரண்டு கல். இரண்டுக்கும் ஒரே கயிறு. கயிற்றோடு ஓரத்தில் நான். இதுதான் எங்கள் ட்ரான்ஸ் பிரேக்.

ஞாயிறு காலை அக்கா துப்பட்டாவைக் கொடியாக உயர்த்தினாள். அண்ணன் மிதித்தான். எஞ்சின் உறுமியது. துப்பட்டா இறங்கியது. இழுத்தேன்.

கல் அசையவில்லை. எஞ்சினின் அத்தனை பலமும் டயர் வழியே அந்தக் கல்லைத்தான் அழுத்துகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இழுடி!"

"இழுக்கிறேன், நீ கால எடு!"

"கால எடுத்தா எப்புடிடி ஜெயிக்கிறது?"

கருகிய எண்ணெய் வாசம் வந்த பிறகுதான் எடுத்தான். கல் சட்டென்று விடுபட, நான் தேயிலைக்குள் மல்லாந்தேன். அதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்ட மச்சான் ரிவர்ஸிலேயே திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கெளம்பலயா?"



கல்யாணத்தன்று அக்கா மச்சான் காரில் ஏறினாள். அண்ணன் காரில் ஏறியது சாம்பார்க் கிடாரம். பின் சீட்டில் அதை அணைத்துக்கொண்டு நான். பலாங்கொடை வரை வளைவுக்கு வளைவு எண்ணெய்க் காற்றாடி குலுக்காமல் எங்களைத் தாலாட்டிக்கொண்டே போனது.

கோயில் வாசலில் மச்சான் காரின் கண்ணாடி இறங்கியது. அக்காவின் தலைப்பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"அண்ணே, இவரு கியர் மாத்துறப்பல்லாம் எந் தலை முன்னுக்குப் போய்ப் போய் வருது. தாலி கட்டினதும் ஒங் கார்லதான் வருவேன். சாம்பார் கொட்டியிருந்தா சீட்டத் தொடச்சு வை."

"ஒரு சொட்டு சிந்தல," என்றான் அண்ணன், மச்சானுக்குக் கேட்கும்படி.