தோற்ற கேப்டனின் மைக்

தொண்ணூறுகளில் எங்கள் திண்டுக்கல் பக்கம் கபடிப் போட்டி முடிந்ததும், தோற்ற அணியின் கேப்டன் மைக்கைப் பிடித்து ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும். நத்தத்தில் ஒரே புள்ளியில் தோற்றோம். கேப்டனான என்னை விட்டுவிட்டு, கடைசி ரைடுக்கு இன்னொருவனை அனுப்பினார் கோச். அவன் பிடிபட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றியாவது ஒன்றாவது! "யாரை அனுப்பணும்னே எங்க கோச்சுக்குத் தெரியல. போனவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் தோத்தோம்" என்றேன். புளியமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது. திரும்பும் வேனில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று நானும் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் சித்தையன்கோட்டையிலும் ஆட்டம் கடைசி ரைடு வரை இழுத்தது. கோச் என் முகத்தைப் பார்க்காமலே, "நீயே போ" என்றார். போனேன். மூன்று பேர் என்னை மண்ணோடு அமுக்கினார்கள். மூக்கில் புழுதியோடு மைக்கை வாங்கி, ஊருக்கும் விழாக் கமிட்டிக்கும் நன்றி சொல்லிவிட்டு அவசரமாக மேடையை விட்டு இறங்கினேன்.

நத்தத்தில் பிடிபட்டவன்தான் கீழே தண்ணீரோடு நின்றான். கோபமே இல்லாமல் கேட்டான்: "ஏலே, இன்னைக்கு எதனால தோத்தோம்னு சொல்லவே இல்லையே?"