மூன்று பேர் படத்துக்கு நாலாவது ஆள்

1. முதல் நாள்

எண்பதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கவுன்டரில் பில் போட வேண்டும், நெகட்டிவில் பென்சிலால் குறைகளை மறைத்து டச்சிங் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இன்னொரு வேலையும் இருந்தது. அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

சேலையூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, கணவனின் அம்மா. முதலாளி டேனியல் சார் லைட்டைச் சரிசெய்துவிட்டுக் கேமராவுக்குள் பார்த்தார். பிறகு ஸ்க்ரீனுக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். லைட் ஸ்டாண்டைப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடினேன்.

"வசந்தா, அந்தப் பெரியம்மா பக்கத்துல ஓரமா நில்லும்மா. லேசா சிரி."

நின்றேன், சிரித்தேன், ஃபிளாஷ் அடித்தது. என் பெயர் என்ன என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான் பல வருஷம் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

விஷயம் இதுதான். மூன்று பேராகப் படம் எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார். படம் பிடிக்கும் பெட்டியைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். அதற்குள் நம் எமன் எப்போது ஏறி உட்கார்ந்தான் என்று யாருக்கும் தெரியாது. மற்ற கடைகளில் நாலாவதாக ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் சமாளிப்பார்கள். டேனியல் சாருக்கு அது கௌரவக் குறைச்சல். எமனை ஏமாற்றுவதானால் உயிருள்ள ஆளை வைத்துத்தான் ஏமாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை.

உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா சார் என்று கேட்டேன்.

"எனக்கெல்லாம் கிடையாதும்மா. ஆனா நாளைக்கு நடுவுல நின்னவன் லாரியில அடிபட்டான்னா, ஜி.எஸ்.டி. ரோட்டையா திட்டுவாங்க? என் கடையத்தான் திட்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சர்ச்சுக்குப் போய் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்றைத் தொழுதுவிட்டு வருவார். பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து, மூன்றைக் கண்டு பயப்படுவார். அவரை மட்டும் சொல்வானேன்? எங்கள் வீட்டில் மும்மூர்த்தி காலண்டர் தொங்கியது. தாலிக்கு முடிச்சு மூன்று, கனி மூன்று, வேந்தர் மூன்று, தமிழே மூன்று. ஏலக்காரன்கூட மூன்று தரம் சொன்னால்தான் பொருள் நம்முடையது. பெருமை பேச மூன்று வேண்டும், ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார மட்டும் ஆகாது.

2. பிசிக்ஸ் சார்

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பிசிக்ஸ் வாத்தியார் வருவார். கடையில் கூட்டம் இல்லாவிட்டால் எங்களுக்கே பாடம் நடத்துவார். கேமரா ஸ்டாண்டுக்கு ஏன் மூன்று கால் தெரியுமா என்று ஒரு நாள் கேட்டார். எந்த மேடுபள்ளத்திலும் மூன்று கால் ஒழுங்காகத் தரையில் ஊன்றும், நாலு கால்தான் ஆடும் என்று விளக்கினார். எங்கள் கடையின் நாலு கால் ஸ்டூலை ஆட்டியும் காட்டினார். அதன் ஒரு காலுக்கடியில் நான்தான் அட்டையை மடித்து வைத்திருந்தேன். கலர் ஃபிலிமில் மூன்று அடுக்கு இருக்கிறது, அந்த மூன்றிலிருந்துதான் உலகத்து நிறமெல்லாம் வருகிறது என்றும் சொன்னார். கேட்க ஆசையாக இருந்தது.

பிறகு, அன்றைக்குக் கூட வந்திருந்த மனைவியையும் மகனையும் படம் எடுக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து, குரலைத் தணித்து, "அந்தப் பொண்ணக் கொஞ்சம் அனுப்புறீங்களா? எனக்கில்ல, என் வொய்ஃபுக்காக" என்றார். உள்ளே போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன், இவர்தான் கேக்கல" என்றார்.

3. பெண் பார்க்க வந்தார்கள்

இப்படி எத்தனை குடும்பத்தில் நின்றேன் என்று எனக்கே கணக்கில்லை. அதற்குள் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். பம்மலில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பையன். நல்ல குடும்பம் என்றார்கள். எனக்குப் பின்னால் ஒரு தங்கையும் இருந்ததால் அம்மா இந்த இடத்தை ரொம்ப நம்பியிருந்தாள். இரும்புலியூரில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பையனும் அவன் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். மூன்று பேராகத்தான் வந்தார்கள். அத்தை கணவனை இழந்தவர், தம்பி வீட்டோடு இருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நான் காபியைக் கொண்டுவந்து வைத்தேன். அத்தை என்னையே உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பொண்ண நான் பாத்துகீறேன். என் கொழுந்தன் வூட்டு செவுத்துல கீது. அவன் பக்கத்துல நின்னுகினு சிரிச்சிகினு கீது."

எனக்கு அந்தப் படம் உடனே ஞாபகம் வந்தது. ஆண்பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நின்றது அந்த ஒரு படத்தில்தான். கொழுந்தனின் மனைவி ராணி அக்காவும் மாமியாரும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அவர் தனியாக நின்றால் படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று டேனியல் சார் என்னை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். முன்னால் மாமியார், மருமகள், பின்னால் அவரும் நானும். அதைப் பார்த்து யார் என்ன நினைக்க மாட்டார்கள்? என் வேலையே அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஊரார் குடும்பப் படத்தில் போய் நிற்பது ஒரு வேலையா என்று அத்தை கேட்டார். மூவரும் எழுந்து போனார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நாலு பேரு என்னடி சொல்லுவாங்க" என்று அம்மா அழுதாள். நான் நின்றதே நாலு பேர் ஆகத்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? தங்கை என்னோடு பேசவில்லை. ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். செய்யாத தப்புக்கு அழுவது ரொம்பக் கேவலமாக இருந்தது.

மறுநாள் டேனியல் சாரிடம், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். கஸ்டமர் சங்கடப்படுவார்களே என்று நெளிந்தார். பிறகு பெரிய மனசோடு ஒரு வழி சொன்னார். அந்தப் படத்தைக் கொண்டுவந்தால் டச்சிங்கில் என்னை எடுத்துவிடலாமாம். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. என்னை எடுத்தால் மூன்று ஆகிவிடும், எந்தக் கஸ்டமர் சம்மதிப்பான்?

4. பம்மல் வீட்டுச் சுவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே பம்மலுக்குப் போனேன், நேராக அந்தக் கொழுந்தன் வீட்டுக்கு. அத்தையையும் வரச்சொல்லி அப்பா ஆள் அனுப்பினார். அவர் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுவரில் நான் கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு மஞ்சள் பொட்டுகூட வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ராணி அக்காவிடம் கேட்டேன்.

"நான் யாருன்னு நீங்களே சொல்லுங்கக்கா."

ராணி அக்கா முந்தானையைத் திருகினார். "ஸ்டூடியோ பொண்ணு. நாங்க மூணு பேராப் பூட்டோம்னு கூட நிக்க வெச்சாங்க. வெளிய சொன்னா சிரிப்பாங்களேன்னு சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? மூணு பேரா எடுக்கக் கூடாதுதான். நல்ல கடைதான் அது" என்றார். அவ்வளவுதான், என் பெயரில் ஒட்டியிருந்த அழுக்கு போய்விட்டது. என் நடத்தையோ அப்பாவின் வார்த்தையோ அதைச் செய்யவில்லை. எமன் பயம் செய்தது.

அத்தை அதோடு விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்லயும் தம்பி, அவன் புள்ள, நானுன்னு மூணே பேருதாம்மா. ஒரு போட்டோ எடுக்க வழியில்ல. நீ வந்துட்டா நாலு ஆயிடும்."

அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அதைப் பற்றி இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. பையன் மூலையில் நின்று தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டோல நாலாவதா நிக்கறதுக்கு எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்குங்க. அங்க சாயங்காலமானா வீட்டுக்கு விட்டுடுவாங்க" என்றேன்.

பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. குரோம்பேட்டை தாண்டியதும் என்ன நினைத்தாரோ, தனக்குத்தானே சிரித்தார். அம்மாவிடம் அவர்தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை டேனியல் சாரிடம், இனி யார் படத்திலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிவப்புக் கவுன் போட்ட ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிவந்தார். பல வருஷம் அது என் வேலையைப் பார்த்தது. அதை யாரும் பெண் பார்க்க வரவில்லை.

நான் நின்ற படங்களில் இருந்தவர்களும் போகப்போக இறந்துகொண்டுதான் இருந்தார்கள், நடுவில் நின்றவர், ஓரத்தில் நின்றவர் என்ற பேதமில்லாமல். அவர்கள் முகத்தைத் தனியாக வெட்டிப் பெரிதாக்கி மாலை போடுவதற்கும் எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள்.

5. நடுவில்

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். கணவர் செல்வம், கலர் லேபிலிருந்து எங்கள் கடைக்குப் பிரின்ட் கொண்டுவந்துகொண்டிருந்தவர். மகளின் முதல் பிறந்தநாளுக்கு அதே ஸ்டூடியோவில் போய் நின்றோம். மூன்று பேர்.

டேனியல் சார் பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வசந்தா, பொம்மையையாவது மடியில வெச்சுக்கம்மா" என்றார். வேண்டாம் சார், எடுங்கள் என்றேன். குழந்தையை நடுவில் உட்காரவைத்தோம். அதுதானே வழக்கம்.

அவர் கேமராவுக்குள் குனிந்தார். நான் குழந்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷம் பிசிக்ஸ் சாரையும் பம்மல் அத்தையையும் டேனியல் சாரையும் கேலி செய்தவள் நான். எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது. ஆனாலும் எழுந்து, குழந்தையைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த ஓரத்துக்கு மாற்றிவிட்டு, நடுவில் நான் உட்கார்ந்தேன்.

டேனியல் சார் அதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கியிருக்க வேண்டும், படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்தவர் பயத்துக்காக ஓரத்தில் போய் நிற்காதீர்கள், அவர்கள் உங்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். சொந்தப் பயம் வந்தால், அதன் நடுவில் நீங்களே போய் உட்காருங்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் இருப்பவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.